கொழுப்பரின் களிம்பு

உதட்டைத் துடைத்த பிறகுதான், துடைத்த விரலில் களிம்பு இருந்தது கொழுப்பருக்கு நினைவு வந்தது.

கொழுப்பர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். தோலுக்கான களிம்பு தயாரிக்கும் கம்பெனி; மூன்று வருஷமாக அவர் வாயில் வேறு பேச்சே கிடையாது. தோல் ஒரு செங்கல் சுவர், வெறும் மருந்து வாசலிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் அதை உட்காரவைத்து அனுப்பினால், செங்கல்லுக்கு நடுவிலுள்ள கொழுப்பு ‘நம்ம ஆள்தான்’ என்று வழிவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்தை அப்படி ஏற்றிய களிம்புக்கு அனுமதியும் வந்துவிட்டது. மேனேஜர் மட்டும், “வெண்ணெய்க்கும் இதுக்கும் என்னய்யா வித்தியாசம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று மகளுக்குத் தடுப்பூசி. ஏழு வயது. போன தடவை டாக்டரின் கட்டைவிரலைக் கடித்தவள். இந்தத் தடவை வலிக்கவே வலிக்காது என்று சத்தியம் செய்து, அவள் இடது கையில் களிம்பை அப்பியிருந்தார். அது கையில் ஊறுவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

உதடு அவ்வளவு நேரம் கேட்கவில்லை. உடனே மரத்துக் காணாமல் போனது. பதறிப்போய் வாய் கொப்பளித்தார், நாக்கும் போனது. துண்டால் நாக்கை வழித்தார். மகள் கையில் வழிந்ததைத் துடைத்த அதே துண்டு. கன்னமும் கிளம்பிவிட்டது.

“என்னங்க, வாய் ஒரு பக்கமா இழுக்குது?” என்றாள் மனைவி.

“ழேலை ழெய்யுது,” என்றார் பெருமையாக.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அம்மாள், அவர் முகவாயில் வழிந்த எச்சிலைப் பார்த்தாள். சார் காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரா என்று மனைவியிடம் மெதுவாக விசாரித்தாள். கொழுப்பருக்கு வந்ததே கோபம். மூன்று வருஷ உழைப்பு, செங்கல், சுவர், துளி எல்லாவற்றையும் விளக்கினார். அத்தனையும் ழகரமாக வந்து விழுந்தது. நம்பாவிட்டால் நீயே பூசிப் பார் என்று டப்பாவைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டியதும் காவலாளி எழுந்து வந்தார்.

“நீங்க வெளியவே நில்லுங்க,” என்றாள் மனைவி. கட்டிய மனைவி.

ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று கொதித்தார். அறிவுக்கு இந்த உலகத்தில் மரியாதை உண்டா? ஆனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் இல்லை. ஒரு முனகல் இல்லை.

மகள் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டபடி வெளியே வந்தாள். வலித்ததா என்று கேட்டார். அவள் செருப்பையே பார்த்தாள். மனைவியைக் கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்றாள். ஜெயித்தவனிடம் ஜெயித்தாய் என்று சொல்ல ஒரு வாய் வரவில்லையே.

நாக்கு பாதி திரும்பியிருந்தது. நேராக உள்ளே போய், ஊசி போட்ட நர்ஸ் முன்னால் போனை நீட்டினார்.

“கொஞ்சமும் வலிக்கலன்னு இதுல சொல்லுங்கம்மா. எங்க மேனேஜர் பாக்கணும். இவ்வளவு அவமானப்படுத்தினீங்கல்ல, உண்மையையாவது சொல்லுங்க.”

நர்ஸ் வாசலைப் பார்த்தாள். சிறுமி தூரத்தில் நிற்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“களிம்புல பிளாஸ்திரி வழுக்கும்னு இடது கையை விட்டுட்டேன் சார், குத்தினது வலது கையில. பாப்பா சத்தம் வராம வாயைப் பொத்திக்கிட்டுத்தான் அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, அவர் தாங்க மாட்டார்’னா.”