பிளேட் அடித்த ஜீப்பும் அரை டம்ளர் காபியும்

எதையும் பலமாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை ஜீப் பக்கமே விடக் கூடாது. என்னை விட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ (அரியர் சமாசாரம் இப்போது எதற்கு). ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பை எடுத்தேன். மழை பெய்தால் பட்டாபிராம் பக்கம் ரோடு எது, ஏரி எது என்று தெரியாது. அதனால் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் செருகி வண்டியை ஒரு ஜாண் உயர்த்தினேன். அம்மா ஏறுவதற்கு முக்காலி தேவைப்பட்டது.

அம்பத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நண்பன் செல்வம் அடியில் குனிந்து பார்த்தான்.

"இன்னா மச்சான், சேசிஸ் இப்புடி நெளியுது? பிளேட்டு அடிச்சிகினா யானையே ஏறினாலும் அசையாது."

அடித்தோம். வண்டியின் அடிச்சட்டத்தில் இடது பக்கம் ஓர் இரும்புத் தகடு, வலது பக்கம் ஒன்று, ஆசை அடங்காமல் கியர்பாக்ஸ் உட்காரும் குறுக்குச் சட்டத்தின் மேலும் ஒன்று. அதனால் கியர்பாக்ஸ் இன்னும் மேலே ஏறிக்கொண்டது. அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், அதுவரை சாதுவாகப் படுத்திருந்தது, சறுக்குமரம் போலச் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வு கூடினால் ஷாஃப்ட்டின் மூட்டு திமிறும், வண்டி அதிரும். நெளிகிற சேசிஸாவது அதிர்வில் கொஞ்சத்தை விழுங்கியிருக்கும். யானைக்கும் அசையாத சேசிஸ், மொத்தத்தையும் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒப்படைத்தது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது.

பெண் பார்க்கப் போன அன்று மெதுவாகப் போக முடியவில்லை. பெண் வீடு நசரத்பேட்டையில், பின்னால் ராகு காலம் துரத்துகிறது. பூந்தமல்லி தாண்டியதும் மிதித்தேன்.

"மெ... மெ... மெதுவாப் போடா!" என்றார் அப்பா. அம்மா மடியிலிருந்த தட்டிலிருந்து வாழைப்பழங்கள் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கின.

வண்டியை விட்டு இறங்கியும் எங்கள் நடுக்கம் நிற்கவில்லை. கலா காபி கொண்டுவந்தாள். பார்த்த உடனே பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்து, கம்பீரமாக டம்ளரை எடுத்தேன். அது டவராவோடு மோதி டகடகவென்று அடித்தது. பக்கத்தில் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்ந்துகொண்டன. என் காபி முழுக்க என் வெள்ளைச் சட்டையில்.

கதவுக்குப் பின்னால் கலாவின் அம்மா கிசுகிசுத்தது தெருவுக்கே கேட்டது. "மூணு பேருக்கும் கை நடுங்குது. குடும்பத்துலயே கீது போல."

கலாவின் அப்பா விவசாயி. நேராகவே கேட்டார். "தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. இது பொறந்ததுலேர்ந்தே கீதுங்களா?"

"ஐயோ, ஜீப்புங்க! ஜீப்பாலங்க!"

காலி டம்ளர்கள் இரண்டைக் கவிழ்த்து, நடுவில் ஒரு வாழைப்பழத்தை ஷாஃப்ட்டாகச் சாய்த்துப் பிடித்து விளக்கினேன் (டிப்ளமோ பேசியது). பிடித்த கையின் நடுக்கத்தில் பழம் தோலை விட்டே கிளம்பிவிட்டது. அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை, இரக்கம்தான் வந்தது.

"நீங்களே ஒருதடவை ஏறிப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். ஏறினார்.

பெங்களூர் ரோட்டில் மிதித்தேன். அவர் தோள் துண்டு பறந்தது. "நி... நி... நிறுத்து" என்று முடிப்பதற்குள் அடியில் டமார். மூட்டு உடைந்து ஷாஃப்ட் ரோட்டில் கிடந்தது. என் கல்யாணமும் அதன் பக்கத்திலேயே கிடப்பதாகத் தோன்றி எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

ஷாஃப்ட்டை வாசலில் போட்டுவிட்டு அவர் காபி கேட்டார். மனைவி நீட்டிய டம்ளரை வாங்கினார். டகடகடக.

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, இவுருக்கும் ஒட்டிகிச்சே!"

அவர் சிரித்த சிரிப்பில் அந்தக் காபியும் கொட்டியது. சிரிப்பு அடங்குவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. (உடைந்த மூட்டைப் பார்த்த செல்வம், "இன்னொரு பிளேட்டு போட்டிருக்கணும் மச்சான்" என்றான்.)

ஜீப் காயலான் கடைக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. கலா மட்டும் இன்றுவரை எனக்கு அரை டம்ளர் காபிதான் ஊற்றுகிறாள். விருந்தாளிகள் முன்னால் கௌரவமாக முழு டம்ளர் கேட்டுவிட்டால் போதும், ஃபில்டரைக் கையில் பிடித்தபடியே சொல்வாள்: "மொதல்ல கையை நீட்டுங்க, பார்க்கறேன்."