திங்கட்கிழமைச் சொட்டு

திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய வாடகைக்கார் நிறுத்தத்தில் மூன்றாவது இடத்துக்கு உரியவனும், காக்கிச் சட்டையின் மேல்பொத்தானை எக்காலத்தும் பூட்டாதவனும், கரும்பு வண்டிகளின் இடையே புகுந்து வெளிவருவதில் நிகரற்றவனும், ஒலிப்பானை ஒருமுறைக்கு மேல் அடிப்பதை இழிவெனக் கருதியவனுமாகிய தாண்டவராயன் வாழ்க. அவன் செலுத்திய கறுப்பு அம்பாசிடர் வாழ்க. அதன் அடிவயிற்றிலிருந்து விழுந்த சொட்டைப் பற்றியும், அச்சொட்டின் பிறப்பிடம் தேடி நடந்த படையெடுப்பைப் பற்றியும், எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்தில் நடந்தது நடந்தபடி இங்கு உரைக்கப்படுகிறது. கேட்போர் அமர்க. அமருமுன் தரையில் எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க.

எதிரே நின்று பொரும் பகைவனை வெல்வது எளிது. இந்தப் பகையோ திங்கட்கிழமை காலையில் கருமணி போலத் தோன்றி, நண்பகலில் ஓடையாகப் பெருகி, செவ்வாயன்று மெலிந்து, புதனன்று மெக்கானிக்கின் பட்டறை வாசலை அடைந்ததும் சுவடின்றி மறையும். அவ்வேளையில் வண்டியின் அடிப்பகுதி கோடையில் சங்கராபரணி ஆறு கிடப்பதைப்போல வறண்டிருக்கும்.

இவ்வண்டிக்கு உடையவர் இருவர். தாண்டவராயன் ஒருவன், அவன் மனைவி காந்திமதியின் தம்பி, விழுப்புரத்துப் பாண்டுரங்கன் மற்றொருவன். திங்கள் முதல் புதன்வரை மாமன் திண்டிவனத்தில் ஓட்டுவான். வியாழன் முதல் சனிவரை மைத்துனன் விழுப்புரத்தில் ஓட்டுவான். கூட்டாக வாங்கிய நாளில் இருவரும் ஒரே இலையில் உண்டவர்கள். பிறகு பிரம்மதேசத்தில் தாண்டவராயன் மகளுக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தி நடக்கவேண்டிய சடங்கு அது. தாய்மாமனோ இதே வண்டியில் புறப்பட்டு, கூட்டேரிப்பட்டு அருகே டயர் வெடித்து நின்றான். நல்ல நேரம் நழுவியது. தாண்டவராயன் குழந்தையைத் தன் தம்பியின் மடியில் உட்கார்த்தினான். முழங்காலில் மண்ணும் கையில் சீர்த்தட்டுமாகப் பாண்டுரங்கன் வந்து சேர்ந்தபோது குழந்தை அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. அன்று முதல் மாமனும் மைத்துனனும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. சொல்லவேண்டியதைக் காந்திமதியிடம் சொன்னார்கள். புதன் மாலை தாண்டவராயன் விழுப்புரம் சென்று, மைத்துனன் வீட்டு ஜன்னல் கம்பியில் சாவியை மாட்டி, ஒலிப்பானை ஒருமுறை அடித்துவிட்டு, கதவு திறக்குமுன் பஸ் ஏறிவிடுவான். பாண்டுரங்கன் ஞாயிறன்று மாமன் வீட்டில் இல்லாத வேளை பார்த்து வண்டியைக் கொண்டுவந்து விடுவான்.

ஆடி முதல் திங்களன்று சொட்டின் பகை எல்லை கடந்தது. நிறுத்தத்தின் தலைவரும், எடையில் மூவருக்கு ஒப்பானவருமாகிய கோதண்டபாணி, புதிதாகச் சிமெண்ட் பூசிய தரையில் தேநீர் டம்ளருடன் நடந்துவந்தவர், மூன்றாவது இடத்தருகே கால் வழுக்கி, யானைப்படை சரிந்தாற்போலச் சரிந்தார். டம்ளர் மட்டும் நிமிர்ந்து நின்றது.

“எண்ணெக் குளியல் சனிக்கெழமதான? தலைவரு திங்கக்கெழமையே முடிச்சிட்டாரு” என்றது ஒரு குரல்.

கோதண்டபாணி எழுந்து நின்று ஆணை பிறப்பித்தார்.

“தாண்டவராயா, இது எல்லாரும் சேந்து போட்ட தரை. வர்ற திங்கக்கெழம ஒரு சொட்டு விழுந்தாலும் உன் எடத்துல வேற வண்டி நிக்கும். நீ ரயில்வே கேட்டாண்ட போய் நின்னுக்க.”

“சரிங்கண்ணே.”

“இடுப்பு வேற புடிச்சிக்கினு நிக்குது.”

மூன்றாவது இடம் என்பது சென்னைப் பேருந்தில் இறங்குவோரின் கண் முதலில் படும் இடம். ரயில்வே கேட்டருகே நிற்கும் வண்டியில் ஏற ஆடு மட்டுமே வரும். அவ்விடம் போனால் வீட்டின் உலை போகும். வண்டியில் பாதி உடைய விழுப்புரத்து வீட்டின் உலையும் உடன் போகும்.

ஆகவே புதனன்று தாண்டவராயன் மெக்கானிக் தேவசகாயத்தின் பட்டறைக்குப் படையெடுத்தான்.

“ஒழுவலீங்களே” என்றான் தேவசகாயம், கீழே குனிந்து.

“திங்கக்கெழம ஒழுவுது.”

“இன்னிக்குப் புதன். டாக்டராண்ட போனா பல்லு வலி நின்னுடும் பாருங்க, அந்த மாதிரி.”

ஆயினும் தேவசகாயம் அஞ்சினானில்லை. செஞ்சிக் கோட்டையை வளைத்தவர் வாயில் வாயிலாக உடைத்து ஏறியதுபோல, அவன் எஞ்சினின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பேக்கிங்குகளைப் பிய்த்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்புற ஆயில் சீலைப் பெயர்த்து, புதியன பூட்டினான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி எப்போதோ முறிந்துபோய், அதன் துளையில் கந்தல் துணி கொடி போலச் செருகியிருந்தது. புதுக் கம்பி மெட்ராஸிலிருந்து வர மாதமாகும் என்றான். பழைய எண்ணெயை நான்கு லிட்டர் தகர டின்னில் இறக்கினான். அந்த எஞ்சின் கொள்வது நான்கு லிட்டரே. டின்னோ நிரம்பி, விளிம்பைக் கடந்து, அவன் செருப்பை நனைத்தது.

“டின்னு நசுங்கிப் போச்சி, அதான்” என்றான். இவ்வாறாக, வெற்றி தன் காலடியில் வந்து விழுந்தும் அவன் அதைச் சாக்கினால் துடைத்தான்.

புதிய எண்ணெய் நான்கு லிட்டர் அளந்து ஊற்றப்பட்டது. வண்டி அன்று மாலையே விழுப்புரம் சேர்ந்தது. வியாழனன்று அங்கும் ஒழுகிற்று என்ற செய்தியைப் பேருந்து நடத்துநர் ஒருவர் கொண்டுவந்தார். தேவசகாயத்தின் முகம் சிவந்தது. ஞாயிறன்று வண்டி வந்த கணமே அதன் அடியில் பாய் விரித்துப் படுப்பேன் என்றும், சொட்டு பிறப்பதைக் கண்ணால் காணும்வரை சோறு தொடேன் என்றும் சூளுரைத்தான். அந்த ஞாயிறன்று காலை அவன் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தான். இட்லி சூளுரையில் சேராது.

ஞாயிறு நண்பகலில் அம்பாசிடர் தாண்டவராயன் வாசலில் வந்து நின்றது. பாண்டுரங்கன் சாவியுடன் உள்ளே சென்றான். தேவசகாயம் பாயோடு அடியில் புகுந்தான். சற்று நேரத்தில் ரப்பர் செருப்பணிந்த இரு பாதங்கள் முன்புறம் வந்து நின்றன. பானட் உயர்ந்தது. குபுகுபுவென ஓர் ஒலி கேட்டது. பானட் தாழ்ந்தது. பாதங்கள் புறப்பட்டன, வாசலில் மறிக்கப்பட்டன.

“ஆடி ஞாயித்துக்கெழம, கூழு குடிக்காம எங்கடா போற? கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன், குந்து” என்றாள் காந்திமதி.

மற்ற ஞாயிறாக இருந்தால் பாண்டுரங்கன் போயிருப்பான். ஆடிக் கூழை மறுப்பது அந்நாட்டில் எவருக்கும் ஆகாதது. உள்ளே அமர்ந்தான்.

அவன் இரண்டாம் சொம்பில் இருக்கையில் தாண்டவராயன் அம்மன் கோயிலிலிருந்து திரும்பினான். நாளை காலை செய்வதை இன்றே செய்துவிடலாம் என்று எண்ணினான். தேவசகாயத்தின் கண்முன் இப்போது தோல் செருப்பணிந்த இரு பாதங்கள் நின்றன. பானட் உயர்ந்தது. குபுகுபுவென அதே ஒலி கேட்டது. அடுத்து, கரியதும் உருண்டதும் நெடுநாள் தேடப்பட்டதுமான சொட்டு, எஞ்சினின் பின்புறத்தில் முளைத்து, ஒரு கணம் தொங்கி, தேவசகாயத்தின் நெற்றியில் பொட்டாக விழுந்தது.

தலை வெளியே வந்தது.

“இன்னாங்க ஊத்துறீங்க?”

“ஆயிலு. அர லிட்டரு. எப்பவும் ஊத்துறதுதான்.”

“இப்பத்தான உங்க மச்சான் ஊத்துனாரு?”

“அவனா? அவன் என்னிக்கு ஊத்திக் குடுத்தான்? காஞ்ச வண்டிய வுட்டுட்டுப் போவான். நான் குடுக்கறப்பகூட ஊத்தித்தான் குடுக்கறேன்.”

உள்ளிருந்து குரல் வந்தது. “அக்கா, உன் வூட்டுக்காரராண்ட சொல்லு. நானும் ஊத்தித்தான் குடுக்கறேன். அவரு குடுக்கற வண்டி காஞ்சி கெடக்கும்னு வாங்குனதும் ஊத்துறேன்.”

“ஏ காந்திமதி, உன் தம்பியாண்ட கேளு, எத்தினி நாளா?”

“காது குத்துலேர்ந்துன்னு சொல்லுக்கா.”

காந்திமதி கரண்டியை வைத்தாள். “நான் இன்னா போஸ்ட்டாபீஸா? நடுவுல ஒரு செவுருதான் கீது. நீங்களே பேசிக்குங்க.”

வறண்ட வண்டியைக் கொடுத்தான் என்ற பழி தன்மேல் வரலாகாது என்று கொடுப்பவன் ஊற்றினான். கொடுத்தவன் ஊற்றியிருக்கமாட்டான் என்று வாங்கியவன் ஊற்றினான். கைமாறும்போதெல்லாம் ஒரு லிட்டர்; மூன்று நாள் ஓட்டத்தில் எஞ்சின் குடிப்பதோ அரை லிட்டர். மிகுந்ததை எஞ்சின் பின்வழியே துப்பிற்று. துப்பியது போக மீதியை வயிற்றில் வைத்துக்கொண்டு புதனன்று ஓய்ந்தது. தேவசகாயம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எஞ்சினைக் காலி செய்து, மறுபடி நான்கு லிட்டர் அளந்து ஊற்றினான். பாண்டுரங்கன் மீதிக் கூழை வைத்துவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறினான்.

திங்களன்று கோதண்டபாணி மூன்றாவது இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையை உள்ளங்கையால் தடவி, கையை முகர்ந்தார்.

“இந்த திங்க சரி. அடுத்த திங்க?”

தாண்டவராயன் முன்னே அதுவரை எந்தப் படைத்தலைவனும் காணாத இக்கட்டு நின்றது. இருவரும் ஊற்றினால் இடம் போகும். உண்மை அறிந்தபின் அவன் ஊற்றுவான் என்று இவனும், இவன் ஊற்றுவான் என்று அவனும் வாளாவிருந்தால் எஞ்சின் இறுகும். ஒருவன் ஊற்றி, மற்றவன் ஊற்றாதிருக்க வேண்டும். அதை வாய் திறந்து சொன்னாலன்றி அறிய வழியில்லை.

புதன் மாலை விழுப்புரத்தில், வானம் இருண்டு காற்று அடங்கிய வேளையில், தாண்டவராயன் மைத்துனன் வாசலில் வண்டியை நிறுத்தினான். பானட்டைத் தூக்கி அரை லிட்டர் ஊற்றினான். சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டக் கையை நீட்டி, நீட்டிய கையை மடக்கினான். ஒலிப்பானை ஒருமுறை அடித்தான். கடைசி வெளிச்சத்தில் தெரு முழுவதும் மூச்சை அடக்கி நிற்க, தன் வாழ்நாள் நெறியைத் துறந்து, இரண்டாம் முறையும் அடித்தான். கதவு திறந்தது. லுங்கியும் துண்டுமாகப் பாண்டுரங்கன் வெளியே வந்து வண்டியைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். குழந்தையின் காதும், கூட்டேரிப்பட்டின் புழுதியும், சீர்த்தட்டும், பறிபோன மடியும் அவ்விருவருக்கும் நடுவே இருபுறத்துச் சேனைகளென அணிவகுத்து நிற்க, திண்டிவனத்து வீரன் சாவியை மைத்துனன் கையில் வைத்து, தொண்டையைச் செருமி, வாய் திறந்தான்.

“ஆயில் நான் ஊத்திட்டேன், நீ ஊத்தாத.”