பாதி வேலையில் நிற்கும் ஜீப்பை எடுத்துப்போகச் சொல்லி

அன்புள்ள செங்கோட்டையன் அண்ணனுக்கு, தங்கை மாரக்காள் ஜலகண்டாபுரத்திலிருந்து கும்பிட்டு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டு நங்கையாளுக்கு முட்டிவலி குறைந்ததா, கெங்கவல்லியில் மழை பெய்ததா என்பதையெல்லாம் நேரில் வரும்போது சொன்னால் போதும். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே "செரி சாமி, செரி சாமி, அழுவாதே" என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். காகிதம் அப்படி வைத்துவிடாது.

விஷயம் ஜீப்பைப் பற்றித்தான். "பொம்பளைக்கு எதுக்கு ஜீப்பு, கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் கேக்கறாரு, குடுத்துரலாம்" என்று என் வீட்டுக்காரருடைய கருமாதியன்று சொன்னீர்களே, எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப்போய்விடுங்கள். வாசலில் அது நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இத்தனைக்கும் அந்த வண்டிக்கு வந்த கேடு என்னால் வந்தது. போன வருசம் அதில் நானும் அவரும் குன்று மேலிருக்கும் கரட்டுக் கோயிலுக்குப் போனோம். பாதை உங்களுக்குத் தெரியும், ஓடையைத் தாண்டினால் கல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு கல்லில் முன்சக்கரம் ஏறியது, நான் எழும்பி மேல் கம்பியில் தலையை இடித்து, மடியில் வைத்திருந்த தூக்குப்போசி கவிழ்ந்து மோர் முழுக்கப் புதுச் சேலையில். சாமி முன்னால் மோர் நாற்றத்தோடு நின்றேன். இனி இந்த வண்டியில் ஏறினால் ஏனென்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மனுசருக்கு வெறி பிடித்துக்கொண்டது. "இந்தா புள்ள, மூடாத போசியில மோரை ஊத்தி உன் மடியில வெச்சு, ஒரு சொட்டு சிந்தாம கரட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றார். அன்றிலிருந்து சோற்றோடு சேர்த்து எனக்கு ஜீப்பைத்தான் பிசைந்து ஊட்டினார். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இரும்புப் பட்டைகளை வில் மாதிரி அடுக்கிக் கட்டியிருக்கிறார்களாம். பட்டை நிறைய இருந்தால் பாரம் தாங்கும், ஆனால் வளைந்துகொடுக்காதாம். ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மறு சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டுமாம், நம் வண்டியில் அது இறங்காமல் அந்தரத்தில் தொங்குகிறதாம். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், ஆனால் இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் பலகை போட்டு இடது முன்சக்கரத்தை என் ஆட்டுக்கல் மேலே ஏற்றினார். வலது சக்கரம் தரைக்கு மேலே நாலு விரல் தொங்கியது. குனிந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த நாலு விரலைத் தீத்துட்டா முடிஞ்சுது" என்றார். மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. நாலு விரல் அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கு நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் தள்ளிப் பார்த்தும் வண்டி நகரவில்லை. வேறு வழியில்லாமல் பந்தல்காரர் ஜீப்பையும் உள்ளே வைத்தே பந்தல் போட்டார். அவரைக் கிடத்தியது ஒரு பக்கம், ஜீப் ஒரு பக்கம். ஒப்பாரி வைக்க வந்தவர்களில் பாதிப் பேர் சாய்ந்துகொள்ள வாகாக ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அழுததில், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு யாருக்கு அழுகிறார்கள் என்றே விளங்கவில்லை. ஊர்ப் பெரியவர் சின்னண்ணன் மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஏனாத்தா, வண்டி நாயாட்டம் ஒத்தக் காலத் தூக்கிட்டு நிக்குதே, என்னாச்சு?" என்று கேட்டார். எனக்கு வந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. புருசன் செத்த அன்றைக்குச் சிரித்தவள் என்று ஊரில் இன்னமும் பேச்சு.

பிறகு எதிர்வீட்டு அன்பரசு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தான். முன்னால் இருந்த பம்பர் கழன்று டிராக்டரோடு போனது, டிராக்டர் என் முருங்கை மரத்தோடு போனது, ஜீப் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் வெடைக்கோழி ஒன்று முன்சீட்டில் ஏறி முட்டையிட ஆரம்பித்தது. விரட்டினால் என்னையே கொத்துகிறது. அந்த ஆட்டுக்கல்லும் சக்கரத்துக்கடியில் மாட்டிக்கொண்டதால் இட்லிக்கு மாவாட்ட வழியில்லை. மிக்சியில் ஆட்டி, அதுவும் புகைந்துவிட்டது.

கடைசியில் பட்டறைக்காரர் கரீம் பாஷா ஜாக்கியோடு வந்து வண்டியைக் கீழே இறக்கினார். சமதரையில் நின்றால் நிமிர்ந்து நிற்கும் என்று பார்த்தேன், இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. "ஏனுங்க பாய், இது எதுக்கு இப்படிச் சாஞ்சு கெடக்குது?" என்றேன். "அக்கா, இடப்பக்கம் மட்டும்தான் பட்டை குறைச்சு எளக்கியிருக்கோம். வலப்பக்கம் இன்னும் அந்தப் பழைய முரட்டுக் கட்டேதான். அதுக்குள்ள அண்ணன்..." என்று நிறுத்திக்கொண்டார். "அதென்ன ஒரு பக்கம் மட்டும் மொதல்ல?" என்று நான்தான் விடாமல் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நானும் அதேதான் கேட்டனுங்க அக்கா. ஓட்டறவன் பக்கம் கெடக்கட்டும் பாஷா, அவ உக்கார்ற பக்கத்த மொதல்ல மெத்துனு பண்ணுன்னாருங்க."

இதைக் கேட்ட பிறகு அந்த வண்டி என் வாசலில் இருக்கவே கூடாது அண்ணா. சாய்ந்து நின்று என் பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் கூட்டும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். கோழி, முட்டை, பம்பர் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

நங்கையாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் மேல் கரட்டுச் சாமி கண் பார்க்கட்டும். உங்கள் கையால் என் தலையைத் தொட்டதாக நினைத்துக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் தங்கை
மாரக்காள்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் கரீம் பாஷா மறுபடி வந்தார். "கொறையோட வித்தா, வாங்கறவன் அண்ணனத்தான் திட்டுவானுங்க அக்கா" என்றார். விற்பதற்காக மட்டும்தான் என்று சொல்லி, முடிக்கச் சொன்னேன். வலப்பக்கமும் பட்டையைக் குறைத்தார். சக்கரம் கீழே இறங்கினால் அறுந்துபோகாதபடி பிரேக் குழாயை நீளமாக மாற்றினார். மறுபடி ஆட்டுக்கல்லில் ஏற்றிப் பார்த்தோம். வலது சக்கரத்துக்கடியில் விரலை வைக்கப் போனேன், வைக்க இடமில்லை. கோழியைக் கூடையால் மூடிவிட்டு, மூடாத போசியில் மோரை ஊற்றிக்கொண்டு இடப்பக்கம் என் சீட்டில் உட்கார்ந்தேன். ஓடையைத் தாண்டி அதே கல் வந்தது. என் பக்கம் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, என் தலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை அண்ணா. "பாத்தீங்களா, சிந்தவே இல்லீங்க" என்று வலப்பக்கம் திரும்பிச் சொன்னேன். ஓட்டிக்கொண்டிருந்தது கரீம் பாஷா. அவர் பாதையைப் பார்த்தே ஓட்டினார்.

கோழிப்பண்ணைக்காரரிடம் வண்டி இல்லையென்று சொல்லிவிடுங்கள். நீங்கள் மட்டும் வாருங்கள். மோர் அப்படியே இருக்கிறது.