அரியர்ஸ் அண்ணனுக்கு ஒரு ஜோடி

எலும்புக்கூட்டின் வாயில் சாக்பீஸ் பல் ஒட்டிக்கொண்டிருந்தார் ஏகநாதன். மேல்வரிசையில் முன்பல் இரண்டைக் காணோம். சாக்பீஸை பிளேடால் சீவி, பசை தடவி, ஒன்றைப் பொருத்தியாகிவிட்டது. இன்னொன்று நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"சீக்கிரம் சார்! கார் கேட் கிட்ட வந்தாச்சு" என்றார் ஞானஜோதி.

"பல்லு நிக்க மாட்டேங்குது மிஸ்."

"வாயை மூடி வையுங்க."

"எலும்புக்கூடு எப்படி மிஸ் வாயை மூடும்?"

ஏகநாதன் அந்தக் கல்லூரியின் ஓவிய விரிவுரையாளர். ஞானஜோதி விளையாட்டுப் பயிற்சி விரிவுரையாளர். கழுத்தில் சங்கிலி இல்லாமல்கூட வருவார், விசில் இல்லாமல் வரமாட்டார். தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கம் பக்கத்தில், தாளாளர் தட்சிணாமூர்த்தி தன் சொந்த நெல்வயலில் எழுப்பிய கல்லூரி அது. நெல்லைவிடப் பட்டம் நன்றாக விளையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சுற்றுவட்டாரத்தில் யாரும் தொடாத இரண்டு பட்டப் படிப்புகளை ஆரம்பித்துவிட்டார். ஒன்று ஓவியம். இன்னொன்று, ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் அடிபட்டால் கட்டுப் போடவும் கற்றுத்தரும் படிப்பு.

வரைகிறவனுக்கும் எலும்பு தெரிய வேண்டும், கட்டுப் போடுகிறவனுக்கும் எலும்பு தெரிய வேண்டும். ஆகவே இரண்டு துறைக்கும் தனித்தனி எலும்புக்கூடு இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. தட்சிணாமூர்த்தி வாங்கியதோ ஒன்று. அதுவும் ஏதோ ஒரு கல்லூரி கழித்துக்கட்டியது.

"ஒரு ஏருக்கு ரெண்டு மாடு வேணும், ஒத்துக்கிறேன். ரெண்டு கிளாஸுக்கு ஒரு எலும்புக்கூடு பத்தாதா?" என்பது அவர் கட்சி.

எத்தனை வருஷமானாலும் காலேஜை விட்டுப் போகாத ஆசாமி என்பதால் பையன்கள் அதற்கு அரியர்ஸ் அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்றைய ஆய்வில் அனுமதி கிடைத்தால் ஏகநாதனின் வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் குன்றத்தூரில் மாமனாரின் அரிசி மண்டி காத்திருக்கிறது. ஏகநாதன் ஊதினால் பறக்கிற உடம்பு. மாமனார் ஏற்கனவே சொல்லிவிட்டார்: "தாராளமா வாங்க மாப்ளே. ஆனா கடைக்கு உள் பக்கமாத்தான் உக்காரணும். வெளியில உங்களைப் பார்த்தா நம்ம அரிசியை எவனும் வாங்க மாட்டான்."

அந்த அவமானத்துக்குப் பயந்துதான் இந்தப் பல்வைத்தியம். திட்டம் இதுதான். ஆய்வாளர் முதலில் கீழ்த்தள ஓவியக்கூடத்துக்கு வருவார். அங்கே அண்ணன் ஓட்டைப் பல்லோடு நிற்பார். பிறகு ஆய்வாளர் தாளாளர் அறையில் வடையும் காபியும் சாப்பிடுகிற நேரத்தில், அண்ணன் பின்படிக்கட்டு வழியாக மாடிக்குப் போய், புதுப்பல் கட்டி, முட்டியில் பாண்டேஜ் சுற்றி, விளையாட்டுத் துறையின் கூடாக நிற்பார். பல் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒத்திகை பார்க்கப் போய்த்தான் இத்தனை நேரமாகிவிட்டது.

கார் நின்றது. ஆய்வாளர் வேதசிரோமணி இறங்கினார். ஒரு கல்லூரியை ஆராய இன்னொரு கல்லூரியின் முதல்வரை அனுப்புவது பல்கலைக்கழகத்தின் வழக்கம். இவரும் அப்படி வந்த ஒரு முதல்வர்தான். தட்சிணாமூர்த்தி மாலையோடு ஓடினார்.

"மொதல்ல ஓவியம் சார். இப்டி வாங்க."

"மாடியை முதல்ல முடிச்சிடறேன். அப்புறம் எனக்கு முட்டி ஒத்துழைக்காது" என்று வேதசிரோமணி படியேறத் தொடங்கினார்.

ஏகநாதன் அண்ணனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பின்படிக்கட்டில் ஓடினார். இவர் கூட்டைத் தூக்கினாரா, கூடு இவரைத் தூக்கியதா என்று தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஞானஜோதி இரண்டே சுற்றில் முட்டிக்குப் பாண்டேஜ் கட்டினார். ஏகநாதன் இரண்டாவது பல்லையும் அழுத்திச் செருகிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததும் ஆய்வாளர் நுழைந்ததும் ஒன்றாக நடந்தன.

வேதசிரோமணி கூட்டைச் சுற்றி வந்தார். "பல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கே!"

"ஸ்போர்ட்ஸ்மேன் சார். வெத்தலை பாக்கு பழக்கம் இல்ல" என்றார் ஞானஜோதி.

"சரி. அடுத்து ஓவியம்."

"காபி சாப்ட்டுப் போலாம் சார், சூடா வடை கீது" என்று தட்சிணாமூர்த்தி கெஞ்சினார்.

"எனக்குச் சர்க்கரை, வடையும் ஆகாது."

இனி நேராகக் கீழேதான். ஞானஜோதி சட்டென்று குறுக்கே நின்றார். "சார், ஒரு நிமிஷம்! எங்க பசங்க சுளுக்குக்கு எப்படிக் கட்டுப் போடறாங்கன்னு நீங்க பார்க்கவே இல்லையே! உங்க காலிலேயே செஞ்சு காட்டறோம்."

விசில் ஊதினார். நான்கு கபடிப் பையன்கள் பாய்ந்து வந்து, வேதசிரோமணியை வராந்தா நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல காலைப் பிடித்து இறுக்கக் கட்டினார்கள். அதற்குள் ஏகநாதன் அண்ணனைக் கீழே சேர்த்துவிட்டார். சாக்பீஸ் பல்லைப் பிடுங்கினார், தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். வேதசிரோமணி நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் ஏகநாதன் கவனித்தார். அண்ணன் முட்டியில் பாண்டேஜ் அப்படியே இருந்தது.

"இதுக்கும் கட்டா?" என்றார் வேதசிரோமணி.

"மாடல் சார்... நாள் பூரா நிக்குது" என்றார் ஏகநாதன். நாக்குக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

வேதசிரோமணி தன் காலையும் கூட்டின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு எலும்புக்கூட்டுக்கும் தனித்தனியா நம்பர் போட்டு ரிப்போர்ட்ல எழுதணும். நான் மத்தியானச் சாப்பாடு முடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெண்டையும் ஒரே ரூம்ல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிடுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அவர் சாப்பிடப் போனதும் தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா வாத்தியாரே இது பேஜாராப் பூடுச்சு? ரெண்டாவதுக்கு எங்க போறது?"

"ஸ்லைடு காட்டுற ரூம்ல கறுப்புத் திரை இருக்கு. ஒரு பையனுக்குக் கறுப்பு டிராக் சூட் மாட்டி, மேலயும் முகத்துலயும் வெள்ளைப் பெயின்ட்ல எலும்பு வரைஞ்சிடலாம். பாதி இருட்டில தெரியாது" என்றார் ஏகநாதன்.

யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் விளையாட்டுத் துறைப் பையன்கள் ஒவ்வொருவனும் கதவை அடைக்கிற அகலம். ஓவியப் பையன்களோ தூரிகை பிடிக்க வேண்டியவர்கள், அதோடு உயரம் போதாது. ஞானஜோதியின் பார்வை மெல்லச் சுற்றி வந்து ஏகநாதன் மேல் நின்றது. எல்லோருடைய பார்வையும் அங்கேயே வந்து நின்றது.

"நானா? நான் லெக்சரர் மிஸ்!"

"அரிசி மண்டி சார்" என்று மட்டும் சொன்னார் ஞானஜோதி.

ஏகநாதன் டிராக் சூட்டுக்குள் நுழைந்தார். வருஷம் முழுக்க விலா எலும்பைக் கைக்கு வந்த கணக்கில் வரைந்த பையன்கள், அன்று அண்ணனைப் பார்த்துப் பார்த்து ஒன்றுகூட விடாமல் வரைந்தார்கள். கழுத்தெலும்பு வரைந்தவனைக் கட்டிப்பிடித்துப் பாராட்ட வேண்டும் போலிருந்தது ஏகநாதனுக்கு; பெயின்ட் காயவில்லை என்பதால் விட்டுவிட்டார். இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா என்று கண்கூடக் கலங்கியது.

"அழாதீங்க சார், முகம் கலையுது" என்று ஞானஜோதி அதட்டினார்.

வேதசிரோமணி உள்ளே வந்தார். கறுப்புத் திரைக்கு முன்னால் இரண்டு எலும்புக்கூடுகள். மூலையில் ஒரு மங்கல் பல்ப். அவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏகநாதனுக்கு எதிரே வந்து நின்றார். ஏகநாதன் மூச்சை அடக்கினார். அந்த நேரம் பார்த்து ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்தது.

உலகத்தில் எத்தனையோ துன்பங்கள் உண்டு. மூக்கில் ஈ உட்கார, கையைத் தூக்க முடியாமல் நிற்கும் துன்பத்துக்கு ஈடில்லை.

தலைக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று கூரை அதிரப் பறந்தது. தாம்பரத்துக்காரர்கள் யாரும் அதற்குத் தலை தூக்குவதில்லை. வேதசிரோமணி வெளியூர்க்காரர், அண்ணாந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் ஏகநாதன் மூக்கைச் சொறிந்துகொண்டு கையைத் தொங்கவிட்டார். தாம்பரத்துக்கு விமானப்படை வந்ததே இதற்காகத்தான் என்று தோன்றியது.

"இந்த ரெண்டாவது ரொம்ப நல்லா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

தட்சிணாமூர்த்திக்கு வாய் குழறியது. "குன்... குன்றத்தூர்ல சார்."

"ஓகோ" என்றார் வேதசிரோமணி. அங்கேயே நின்று அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு படிப்புக்கும் அனுமதி! கால் கட்டோடு நொண்டி நொண்டிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஞானஜோதி ஊதிய விசில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எலும்புக்கூட்டுக் கோலத்திலேயே ஏகநாதன் குதித்தார். தட்சிணாமூர்த்தி அவர் முதுகில் தட்டி, கையெல்லாம் பெயின்ட் ஆக்கிக்கொண்டார்.

"நாளைக்கே உனக்கு பர்மனென்ட் ஆர்டர், வாத்தியாரே! ஆளையே ஏமாத்திட்டியே!"

மாமனாரிடம் இதை எந்தத் தோரணையில் சொல்லலாம் என்று ஏகநாதன் யோசிக்க ஆரம்பித்தபோது, போன கார் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவர் ஒரே தாவலில் அண்ணன் பக்கத்தில் போய் விறைத்து நின்றார். உள்ளே வந்தவர் வேதசிரோமணியின் டிரைவர் மைதீன் பிச்சை மட்டும்தான்.

"சார் அனுப்ச்சாரு. ஒரு ஒதவி கேக்கணுமாம்" என்றார் அவர் தட்சிணாமூர்த்தியிடம். "வர்ற புதங்கெழம எங்க காலேஜுல இன்ஸ்பெக்‌ஷன். எங்களாண்டயும் ஒரு எலும்புக்கூடுதான் கீது."

தட்சிணாமூர்த்தி தாராள மனசோடு அரியர்ஸ் அண்ணனைக் காட்டினார். "இவ்ளோதானா? இத்தை இப்பவே கார்ல ஏத்திக்கினு போங்க!"

மைதீன் பிச்சை தலையைச் சொறிந்தார்.

"அது வாணாமாம் சார். மூக்க சொறிஞ்சுதாமே குன்றத்தூர் கூடு, அத்தை அனுப்பச் சொன்னாரு."