நேர்த்தியின் முப்பத்தோராம் நாள் நான் தின்ற மாடு

கோலியர்ஸ் வுட், லண்டன்.
7.10.1990, ஞாயிறு

பாசமுள்ள பெரியக்காவுக்கு,

தம்பி யோகராஜா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கே உடம்பளவில் சுகம். நீங்களும் அத்தானும் ஸ்காபரோவில் குளிர் தொடங்குமுன் கம்பளி எல்லாம் வெளியே எடுத்துவைத்து நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன் என்று எழுதத்தான் பேனையைத் திறந்தேன். ஆனால் பிள்ளையாரிடம் எதையும் வேண்டுகிற நிலையில் நான் இன்றைக்கு இல்லை. கடிதத்தின் தலையைப் பாருங்கள், சுழி போடவில்லை. மறதி அல்ல, வெட்கம். அத்தான் பக்கத்தில் இருந்தால் இதை இப்போதே மடித்து வைத்து, அவர் சைவ வகுப்பு எடுக்கப் போனபிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

மகள் சிவமலருக்கு வேலை கிடைத்த செய்தியை ஓகஸ்டில் டெலிபோனில் சொன்னேன் அல்லவா? கிரீன் பார்க் பக்கத்தில் ஒரு ஜப்பான் கம்பனி, பங்கு வாங்கி விற்கிற இடம். அப்போது உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவள் கடைசி நேர்முகத்துக்குப் போன அன்று உங்கள் மச்சாள் தவநாயகி விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய், பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நாற்பத்தெட்டு நாள் மச்சம் தொடுவதில்லை, ஆடு, கோழி, மீன், முட்டை ஒன்றும் கிடையாது என்று நேர்த்தி வைத்துவிட்டாள். யார் தொடுவதில்லை? நான்! அவள் பிறவியிலேயே மச்சம் வாயில் வைக்காதவள், எனக்கும் பிள்ளைக்கும் சமைத்துத் தந்துவிட்டு உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறவள், ஆகவே வீட்டில் விடுவதற்கு ஏதாவது உள்ள ஆள் நான் ஒருவன்தான் என்று முடிவெடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கோயிலால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்றாள், அலுமாரியில் சேட் மடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி.

அதிலும் ஒரு நிபந்தனை. பிள்ளைக்குத் தெரியக்கூடாது. காரணம் உங்களுக்கும் தெரியும். ஏ லெவல் முடிவு வந்தபோது தாய் தேங்காய் உடைத்ததற்கே, "நான் கஷ்டப்பட்டுப் படிச்சதுக்குப் பிள்ளையார் ஏன் பேர் எடுக்கிறார்?" என்று இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். இந்த வேலையும் அப்பாவின் கத்தரிக்காயால்தான் கிடைத்தது என்று தெரிந்தால் வீடு வீடாகவா இருக்கும்? ஆகவே வேலை உறுதியான நாளிலிருந்து, வயிறு சரியில்லை, டொக்டர் சொன்னவர், பல்லில் நோ என்று தினம் ஒரு பொய் சொல்லிச் சொல்லி, ஒரு கருவாட்டுத் துண்டுகூடத் தொடாமல் முப்பது நாளைத் தள்ளிவிட்டேன். உங்கள் தம்பியைத் திட்டுமுன் அந்த முப்பது நாளையும் தயவுசெய்து நினைத்துப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் செப்டம்பர் 29, சனிக்கிழமை. அதுவும் புரட்டாதிச் சனி! பிள்ளைக்கு முதற் சம்பளம் வந்திருந்தது. தாய்க்குச் சேலை வாங்கி வந்தவள், எனக்கு வேறொன்று வைத்திருக்கிறேன், கோட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். தவம் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டே என் காதுக்குள், "மரக்கறியாப் பார்த்துச் சாப்பிட்டுட்டு வாங்கோ, பிள்ளைக்கு ஒண்டும் விளங்கப்படாது" என்றாள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். ஸ்டொக்வெல்லில் ரெயின் மாறும்போதுகூட எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

அவள் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடையை நான் என்னவென்று சொல்ல! வாசலில் ஒரு பெண் குனிந்து வணங்கினாள், நானும் குனிந்தேன், அவள் திரும்பக் குனிந்தாள், நான் விடுவேனா, கடைசியில் சிவமலர் என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே மேசை என்று ஒன்றில்லை. பெரிய இரும்புத் தட்டு ஒன்று, அதைச் சுற்றிக் கதிரைகள், தட்டுக்கு அந்தப் பக்கம் உயரத் தொப்பி போட்ட ஜப்பான் சமையற்காரர். நம்முடைய கொத்துரொட்டித் தட்டேதான், ஆனால் முகம் பார்த்துத் தலைவாரலாம், அவ்வளவு மினுக்கம். எங்கள் முன்னாலேயே சமைத்து எங்கள் பீங்கானிலேயே தள்ளிவிடுவார்களாம். கழுத்தில் ஒரு சீலைத்துண்டைக் கட்டிவிட்டார்கள், தலைமயிர் வெட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். வெங்காயம், பயற்றுமுளை, காளான் என்று அந்த மனிதர் முதலில் வதக்கித் தந்ததை எல்லாம், குச்சியால் பாதி, கையால் பாதியாகச் சாப்பிட்டு, பிள்ளையாரே நீர் கெட்டிக்காரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு சின்னத் தாம்பாளத்தில், வெள்ளைத் துணியின்மேல், சிவப்பும் வெள்ளையுமாக ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன் காட்டினார்கள்.

"என்ன பிள்ளை, ஆடோ?" என்றேன்.

"மாடு அப்பா. ஸ்கொட்லாந்து மாடு. உங்களுக்கெண்டு முதலே சொல்லி வைச்சனான்."

அக்கா, நான் ஆடு தின்றிருக்கிறேன், கோழி, நண்டு, கணவாய், சுறா எல்லாம் தின்றிருக்கிறேன், மாடு மட்டும் இந்த ஐம்பத்தேழு வயதுவரை தொட்டதில்லை. அதிலும் இந்த வருஷம் மாட்டுக்கு விசர் வருத்தம் என்று பேப்பரெல்லாம் எழுதி, நான் வேலை செய்கிற கவுன்சில் கன்ரீனில் வெள்ளைக்காரரே மாட்டை விட்டுக் கோழிக்கு மாறியிருக்கிறார்கள். ஊரே விடுகிற நேரத்திலா நான் தொடங்குவது? ஆனால் சொல்ல வாயெடுக்க முடியவில்லை, ஏனென்றால் இந்தக் குழியைத் தோண்டியவனும் நானே. ஐந்து வருஷத்துக்கு முன் சிவமலர் யூனிவேர்சிற்றி ஹோஸ்டலுக்குப் போன முதல் மாதம், சிநேகிதப் பிள்ளைகளோடு ஒரு நாள் மாட்டிறைச்சி பேர்கர் தின்றுவிட்டேன் என்று எனக்குப் போன் எடுத்து விக்கி விக்கி அழுதாள். அந்த அழுகையை நிற்பாட்ட நான், "இதுக்கே அழுறாய்? நான் கன்ரீனிலை கிழமைக்கு ரண்டு நாள் மாடுதான் தின்னுறன், அம்மாவுக்குத்தான் சொல்லுறேல்லை" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அழுகை நின்றது. பொய் நின்றுவிட்டது.

இப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லாட்டி நான் படிப்பை விட்டுட்டு வீட்டை ஓடி வந்திருப்பன் அப்பா. அண்டைக்கே நினைச்சனான், என்ரை முதற் சம்பளத்திலை உங்களுக்கு நல்ல மாடு வாங்கித் தரவேணும் எண்டு."

நீங்களே சொல்லுங்கள், எந்தத் தகப்பன் தப்புவான்? இருந்தாலும் நான் முயற்சி செய்தேன். சமையற்காரர் கரண்டியை நீட்டியபோது, கையால் பீங்கானை மறைத்துக்கொண்டு, வேண்டாம், காணும் என்று இங்கிலீஷில் உறுதியாகச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். தப்பினேன் என்று நினைத்தேன். உடனே இந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு அவருக்கு விளக்கம் கொடுக்கிறாள்: எங்கள் ஆட்கள் முதல் தரம் வேண்டாம் என்றால் அது மரியாதை, இரண்டாம் தரம் என்றால் அது கூச்சம், மூன்றாம் தரம் என்றால்தான் உண்மையிலேயே வேண்டாம். அந்த மனிதர் கண் மலர்ந்து, தங்கள் ஊரிலும் இதே பழக்கம்தான் என்று எனக்குக் குனிந்து கும்பிட்டார். நான் இரண்டாம் தரம் சொன்னேன். இருவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய்க்குள் சிவமலர் ஒரு துண்டை வைத்துவிட்டாள்.

இனி எழுதப்போவதை மறைத்தால் அது இன்னொரு பொய். அக்கா, அந்த இறைச்சியை அவர் வெட்டியதாகவே எனக்குத் தெரியவில்லை. கத்தியைக் காட்டினார், அது விலகியது. வெள்ளுள்ளியைக் காகிதம்போலச் சீவி, பொன்னிறமாகப் பொரித்து ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த வாசம் ஏறிய தட்டில்தான் இறைச்சியைப் போட்டார். ஒரு பக்கம் சிவக்க விட்டு, மறுபக்கம் திருப்பி, வெண்ணெயும் சோயாவும் காட்டி எடுத்தார். பல்லுக்கு வேலையே இல்லை. முதலில் உப்பு, பிறகு உள்ளி, பிறகு வெண்ணெய், எல்லாம் போனபிறகு அடிநாக்கில் ஒரு இனிப்பு. இறைச்சிக்கு இனிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தபடியே கண்ணை மூடிவிட்டேன். நானாக மூடவில்லை, அது மூடிக்கொண்டது. "எப்பிடி அப்பா?" என்று கேட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் தன் பீங்கானைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. அந்த நிமிஷம் நான் பிள்ளையாரையும் நினைக்கவில்லை, தவத்தையும் நினைக்கவில்லை. எட்டுத் துண்டு தின்றேன். அவள் பங்கில் இரண்டும் சேர்த்தால் பத்து.

வீட்டுக்கு வந்தால் தவம் எள்ளுச்சாதத்தோடு நிற்கிறாள். மாடு தின்ற வாயால் பிரசாதம் தொடலாமா? வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றேன். "சும்மா கூச்சப்படாதேங்கோ, வீட்டிலை என்ன கூச்சம்" என்று ஒரு உருண்டையை என் கையில் வைத்துவிட்டாள். அதையும் தின்றேன். திங்கட்கிழமை காலை ரேடியோவைத் திருகினால், தோக்கியோப் பங்குச் சந்தை சரிந்து கிடக்கிறதாம்! சனிக்கிழமை நான் தின்றேன், திங்கட்கிழமை அது விழுந்தது. சிவமலரின் கம்பனியில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு கதையும் அடிபடுகிறதாம், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கந்தோரில் கூட வேலை செய்கிற கிறிஸ்துராஜாவிடம், எனக்குத் தெரிந்த ஒருவர் என்று சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அந்தச் சந்தை வருஷம் முழுக்க விழுந்துகொண்டுதான் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவருக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை என்றார். அவர் வேதக்காரர், அவருக்கு ஆறுதல் சொல்வது சுகம். என் வாயால் பிள்ளையின் வேலைக்கு ஏதும் வந்துவிட்டால் நான் எப்படி அவள் முகத்தைப் பார்ப்பேன்? தவத்துக்குத் தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள்?

ஆகவே, விரத விஷயம் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள், தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நாற்பத்தெட்டையும் முதலிலிருந்து எண்ண வேண்டுமா, அல்லது உடைந்த நாளோடு தண்டமாகச் சில நாள் சேர்த்தால் போதுமா? அங்குள்ள ஐயரிடம் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டு எழுதுங்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று, தின்றதற்கு அடுத்தநாள் ஞாயிறிலிருந்தே திரும்ப ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டேன். தவத்துக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது. அத்தானுக்கு என் வணக்கம், உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தம்பி,
யோகராஜா

பி.கு.: இதை நானே ஒட்டி, தபாலில் போடச் சொல்லித் தவத்திடமே கொடுக்கிறேன். மறைத்துக் கொண்டுபோனால்தான் சந்தேகம் வரும். அவள் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை.

(இதற்குக் கீழே வேறு கையெழுத்தில்)

அன்புள்ள மச்சாள், நான் தவம். கேத்தல் ஆவியிலை பிடிச்சுத்தான் திறந்தனான், குறை நினையாதேங்கோ. எனக்கு அண்டைக்கே தெரியும். மரக்கறி திண்டுபோட்டு ஒரு மனிசன் அந்த முகத்தோடை வீட்டை வரமாட்டான். எள்ளுச்சாதத்தையும் தெரிஞ்சுதான் குடுத்தனான், என்ன செய்யிறார் எண்டு பார்க்க. அடுத்தநாள் காலமை கோயிலுக்குப் போய், மிச்ச நாளை என்ரை பேருக்கு மாத்தித் தரச் சொல்லி, அவருக்காண்டி நான் தேத்தண்ணி குடிக்கிறதை விட்டிருக்கிறன். பிள்ளையாருக்கும் எனக்கும் அது முடிஞ்ச கதை. பிள்ளையின்ரை வேலைக்கும் ஒண்டும் இல்லை, வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டு ஆறுதல் சொன்னவர் எண்டு இப்பதான் எனக்குச் சொன்னவள். நீங்கள் இவருக்கு, முதலிலை இருந்து எண்ணத் தேவையில்லை, பதினேழு நாள் காணும் எண்டு மட்டும் எழுதிவிடுங்கோ.

ஆனால் மச்சாள், இறைச்சியைப் பற்றி எழுதின அந்தப் பக்கத்தை நான் மூண்டு தரம் வாசிச்சன். நான் வாயிலையும் வைக்காத இறைச்சியை இருபத்தாறு வருஷமாய் இந்த மனிசனுக்குச் சமைச்சுக் குடுக்கிறன். பேப்பரை விரிச்சு வைச்சுக்கொண்டு தின்னுறதைத் தவிர, ஒரு நாள் கண்ணை மூடினவரோ? அந்தச் சமையல்காரன் என்னென்ன போட்டவன், எவ்வளவு நேரம் விட்டவன் எண்டு பிள்ளையிட்டை எல்லாம் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன். நேர்த்தி முடியிற அடுத்தநாள் ஆட்டிறைச்சியிலை செய்யப்போறன். கண்ணை மூடுறாரோ எண்டு பார்ப்பம்.