சீமோனின் நூற்றிருபது

ரொறன்ரோவில் நிறம் அளக்கிறவர் என்று ஒரு இனம் உண்டு. கண் நன்றாகத்தான் தெரியும். ஆனால் அதை நம்பமாட்டார்.

மில்லிக்கனில் இருக்கும் சீமோன் அந்த இனத்துக்கு நல்ல மாதிரி. பேஸ்மென்றில் பியர் காய்ச்சுகிறவர். வாட்டின பாணை நிற அட்டையோடு ஒட்டிப் பார்ப்பார், மனைவியின் புதுச் சேலையைப் பார்த்து "உதின்ரை நிறம் முப்பது வரும்" என்பார், வந்தவர் சப்பாத்தைக் கழற்றுமுன், பியருக்குப் போடும் மால்ற் என்கிற முளைக்கவைத்து வறுத்த பார்லிக்கு இரண்டு நிறக்கணக்கு இருப்பதைச் சொல்லி முடித்துவிடுவார். இங்கே லொவிபொண்ட். ஐரோப்பாவில் ஈபிசி. இரண்டிலும் எண் கூடக்கூட நிறம் கறுக்கும். ஒரே பார்லிதான், ஈபிசியில் எண் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

"எண்ணை மட்டும் பாக்காதேங்கோ, பக்கத்தில என்ன எழுத்தெண்டும் பாருங்கோ!"

யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் சீமோனின் அக்கா வேரோனிக்காவின் இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. "தம்பியின்ரை பியர்தான். தேன் நிறத்தில வரும்" என்று அக்கா தான் இருக்கும் வோபர்ன் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டார். கடைப் பியர் ஒரு போத்தல்கூட வாங்கவில்லை. சீமோன் இங்கிலாந்துப் புத்தகத்தின் செய்முறையை மூன்று தரம் வாசித்தார், கிராம் பிசகாமல் நிறுத்தார், மால்ற்றின் நிறத்துக்குப் புத்தகம் சொன்ன அதே நூற்றிருபது கடைப் பையிலும் இருக்கக் கண்டு மகிழ்ந்தார்.

விருந்தன்று முதல் போத்தலைச் சரித்தார். தேனைக் காணவில்லை.

"மச்சான், உது பியரோ கசாயமோ?" என்றார் அத்தான். மண்டபம் சிரித்தது.

அக்காவின் முகம் வாடியது. "தம்பி, தேனெண்டெல்லோ சொன்னனி?"

சீமோன் அட்டையை எடுத்தார், கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார், செய்முறைத் தாளை விரித்தார். புதையல் கண்டவர்போலக் கத்தினார்:

"அக்கா, புத்தகம் ஈபிசி! பை லொவிபொண்ட்! நான் எண்ணை மட்டும் பாத்திட்டன்!"

அக்கா கிளாசைப் பறித்து ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார். "கறுத்தால் என்ன? நல்ல வறுத்த மணம். சிரிச்ச ஆக்கள் ஆராவது உப்பிடிக் காய்ச்சிக் காட்டுங்கோ பாப்பம்!"

அத்தானே இரண்டாம் கிளாசுக்கு வரிசையில் நின்றார். சீமோன் மட்டும் மூலையில், வாங்கியிருக்க வேண்டிய எண் எதுவென்று தாளின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டிருந்தார்.

விடையை இங்கே எழுதவில்லை. நீங்கள் இதற்குள் வகுத்துப் பார்த்துவிட்டு, "அதென்ன ஏறக்குறைய? சரியாக எத்தனை மடங்கு?" என்று கேட்கிறீர்களா? அப்படியானால் வீட்டில் உள்ளவர்களிடம் உங்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள். நீங்கள் எந்த இனம் என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும்.