துப்பாக்கி பீரோ

ஜெகதீஷ் துப்பாக்கி வாங்கியது யாரையும் சுடுவதற்காக இல்லை. மைசூர்பாகு தின்பதற்காக.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சர்க்கரை வியாதியும், மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருக்கும் மனைவியும் ஒரே வீட்டில் அமையப்பெற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இனிப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றுதான் சொன்னார். கார் அவர்கள் வீடிருக்கும் பென்டில் ஹில் வந்து சேர்வதற்குள் லக்ஷ்மிப்ரியா அந்தக் கொஞ்சத்தை அடியோடு ஆக்கிவிட்டாள். காபியில் சர்க்கரை போயிற்று. ராத்திரிச் சோறு போயிற்று. தீபாவளிக்குக் கேழ்வரகு லட்டு வந்தது. அதைக் கடித்ததில் ஜெகதீஷுக்கு இனிப்பின் மேலிருந்த ஆசை போகவில்லை, தீபாவளியின் மேலிருந்த ஆசைதான் போயிற்று.

வாங்குவதில் கஷ்டமில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழியிலேயே இனிப்புக் கடை. ஒளித்து வைப்பதுதான் பாடு. கார் டிக்கியில் வைத்தான், கண்டுபிடித்தாள். குளிர்கால ரஜாய்க்குள் வைத்தான்; அவனுக்கு முன்பாகவே அவளுக்குக் குளிரெடுத்தது. பார்பெக்யூ அடுப்புக்குள் வைத்தான்; அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அந்த டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே ஒரே ஒரு கேள்விக்குறி. இந்த வீட்டுக்குத் தவணை கட்டுவது தான்தான் என்றாலும், அவள் கை போகாத மூலை என்று ஒன்றுகூட அதில் தனக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அவனுக்கு ஒரு மூலை வேண்டும். பூட்டுப் போட்ட மூலை.

வழி காட்டியவன் நரேன். ஆபீஸில் பக்கத்து மேஜை. ஞாயிறு தவறாமல் ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:

"இங்க சட்டம் ரொம்ப கறார்டா. துப்பாக்கி இருக்கிற சேஃப் சாவியை லைசென்ஸ் இல்லாதவங்க கையில குடுக்கவே கூடாது."

"வீட்டுல இருக்கிறவங்க?"

"யாரா இருந்தாலும்."

"பொண்டாட்டியா இருந்தாலும்?"

"பொண்டாட்டியா இருந்தாலும்."

ஜெகதீஷ் ஓட்ஸ் உப்புமாவை மூடி வைத்தான். குடியுரிமை வாங்கி, கையில் கொடியோடு உறுதிமொழி சொன்ன அன்றைக்குக்கூட ஆஸ்திரேலியாவின் மேல் அவனுக்கு இப்படியொரு பக்தி பொங்கியதில்லை.

கிளப்பில் சேர்ந்தான். வகுப்புக்குப் போனான். துப்பாக்கி வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் என்ன என்று கேட்டார்கள். இலக்குப் பயிற்சி என்றான். மாதக்கணக்கில் காத்திருந்து லைசென்ஸ் வந்தது. அப்புறம் துப்பாக்கி வந்தது. இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கிய, லித்கோ ஊர்த் தொழிற்சாலையில் செய்த பழைய பட்டாளத்து ரைஃபிள். எந்த யுத்தத்துக்குப் போயிற்றோ, எந்தக் கொட்டகையில் கிடந்ததோ, மரக்கட்டை முழுக்க அழுக்கேறிக் கருத்திருந்தது. கூடவே ஆளுயர இரும்பு சேஃப். அதைக் கராஜ் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது லக்ஷ்மிப்ரியா வாசற்படியில் வந்து நின்றாள்.

"நமக்கு எதுக்குங்க துப்பாக்கி? கரப்பான் பூச்சி வந்தா சோபா மேல ஏறி நின்னு என்னைக் கூப்பிடறவர் நீங்க."

"இது ஹாபி. கட்டையைத் தேய்ச்சு, அழுக்கெடுத்து, எண்ணெய் போட்டு புதுசு மாதிரி ஆக்கப் போறேன். டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னாரில்லை?"

"நடக்கத்தானே சொன்னார்?"

"தேய்க்கிறதும் அசைவுதான்."

"சரி, அந்த பீரோ?"

"பீரோ இல்லை. சேஃப். சாவி என்கிட்டதான் இருக்கும். நீ திறக்கக்கூடாது. திறந்தா போலீஸ் கேஸ். நான் சொல்லலை, சட்டம் சொல்லுது."

லக்ஷ்மிப்ரியா அந்த இரும்புக் கதவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சட்டம்னா சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்ட விஷயம் கல்யாணத்திலிருந்து இதுதான் முதல். புத்தியுள்ளவன் அங்கேயே பயந்திருப்பான். ஜெகதீஷ் விசிலடித்துக்கொண்டே போல்ட்டை முறுக்கினான்.

மறுநாள் வேலிக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு ஆனந்தராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர், தெருவில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

"தம்பி, துவக்கு வாங்கினனீங்களாம்?"

"ஆமா அங்கிள். பழசு. சும்மா அழகுக்கு."

"நாங்கள் துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கி எங்கட வேலிக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறியள்."

"குண்டெல்லாம் வேற இடத்துல பூட்டி வெச்சிருக்கேன் அங்கிள். கட்டையைப் பாலிஷ் பண்ணப் போறேன், அவ்வளவுதான்."

"ஓம், ஓம். வடிவாச் செய்து முடிச்சாப்பிறகு சொல்லுங்கோ, வந்து பாக்கிறன்."

அன்று தொடங்கியது ஜெகதீஷின் பொற்காலம். சாயங்காலம் இரண்டு சப்பாத்தியைப் பேருக்கு விழுங்கிவிட்டு, "வேலை இருக்கு" என்று கராஜுக்குள் போவான். ஷட்டரை இறக்குவான். சேஃபைத் திறப்பான். உள்ளே துப்பாக்கி ஓரமாக நிற்கும். அதன் காலடியில் மைசூர்பாகு ஒரு டப்பா, ஜாங்கிரி ஒரு டப்பா, ஆனந்தராஜாவின் மனைவி ராஜேஸ்வரி அன்ரி தேங்காய்ப்பாலில் அல்வா மாதிரி கிண்டிய தொதல் ஒரு டப்பா. எடுக்க வசதியாகத் துப்பாக்கியைப் பிடித்து நகர்த்துவான். அதே கையால் ஒரு துண்டு எடுப்பான். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். அந்த நேரத்தில் அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான்.

தேய்க்கிற வேலை? அது கை வலிக்கிற வேலை என்று கட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சமையலறைக்குச் சத்தம் போக வேண்டுமே. கராஜில் கிடந்த ஒரு பழைய பலகையில் உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுப்பான். ஒரு துண்டு வாயில். மறுபடி நாலு இழுப்பு. அதற்கேற்ற தாளமெல்லாம் படிந்துவிட்டது. பட்டாளத்துத் துப்பாக்கி எவ்வளவோ வேஷத்தைப் பார்த்திருக்கும். இந்த வேஷத்தையும் அது வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது.

வசந்தம் வந்தது. வெயில் ஏறியது. ஒரு நாள் காலை லக்ஷ்மிப்ரியா காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, துப்பாக்கிக்கு எறும்பு வருமா?"

ஜெகதீஷுக்குப் புரையேறியது.

"என்ன எறும்பு?"

"கராஜ்ல வரிசையாப் போகுது. நேரா உங்க பீரோவுக்கு அடியில."

"அது வந்து, அந்த எண்ணெய். கட்டைக்குப் போடறோமே, லின்சீட் ஆயில். ஆளிவிதையில எடுக்கிறது. எறும்புக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அப்படியா? நீங்க கட்டைக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சாச்சா?"

"தினம் போடறேன்."

"பாவம், ரொம்ப உழைக்கிறீங்க. ஆனா பாருங்க, இத்தனை மாசமாத் தேய்ச்சும் நீங்க இளைக்கவே இல்லை."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல் தேய்ந்ததோ இல்லையோ, அன்றைக்கு ஜெகதீஷின் தைரியம் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலமே அவன் எறும்பு மருந்து வாங்கி சேஃபைச் சுற்றிக் கோடு கிழித்தான். ஜாங்கிரியை மட்டும் இன்னொரு டப்பாவுக்குள் டப்பாவாக வைத்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

சரஸ்வதி பூஜை வேலை நாளில் வந்தது. காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது லக்ஷ்மிப்ரியா வாசல் வரைக்கும் வந்தாள்.

"பீரோ சாவி உங்க பையிலதானே இருக்கு?"

"எப்பவும் என்கிட்டதான் இருக்கும்."

"பத்திரம்," என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வந்தால் தெரு முழுக்கக் கார்கள். கராஜ் ஷட்டர் முழுசாகத் திறந்து கிடந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, தெருவில் இருக்கிற அத்தனை தமிழர்களும் உட்கார்ந்திருந்தார்கள். புல் வெட்டும் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. டிரில்லுக்குச் சந்தனப் பொட்டு. சேஃபுக்கு முன்னால் பெரிய கோலம், அதன் மேல் குத்துவிளக்கு. இரும்புக் கதவின் நட்டநடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். முன் வரிசையில் ஆனந்தராஜாவும் ராஜேஸ்வரியும். அவர்களுக்குப் பக்கத்தில், மத்தியானமே ஆபீஸிலிருந்து நழுவிவிட்ட நரேன்.

"என்ன இது?" என்றான் ஜெகதீஷ்.

பட்டுப்புடவையில் இருந்த லக்ஷ்மிப்ரியா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "ஆயுத பூஜைங்க. வருஷா வருஷம் லேப்டாப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வெச்சு சாமியை ஏமாத்திட்டு இருந்தோம். இந்த வருஷம்தான் வீட்டுல நிஜ ஆயுதம் இருக்கு. கால் அலம்பிட்டு வந்து திறங்க."

"அதெப்படித் திறக்கிறது? லைசென்ஸ் இல்லாதவங்க இவ்வளவு பேர் இருக்காங்க. சட்டம்..."

"நரேன்கிட்ட கேட்டுட்டேன்."

"நீ பக்கத்துல நின்னு, யாரும் தொடாமப் பாத்துக்கிட்டா தப்பில்லைடா," என்றான் நரேன். உதவி செய்கிற சந்தோஷம் அவன் முகத்தில் வழிந்தது.

"இல்லைடா, கட்டை வேலை இன்னும் முடியலை. அரைகுறையா சாமி முன்னாடி எப்படி..."

"பரவாயில்லை தம்பி," என்றார் ஆனந்தராஜா. "எங்கள் எல்லாரையும் பாக்கிறவருக்கு அரைகுறை ஒண்டும் புதுசில்லை. திறவுங்கோ."

ஜெகதீஷ் கடைசியாக ஒரு அஸ்திரம் விட்டான். "நைவேத்தியம் எங்கே? நைவேத்தியம் இல்லாம என்ன பூஜை? எல்லாரும் உள்ளே வாங்க, முதல்ல அதை எடுத்துட்டு வருவோம்."

"சுண்டல் இதோ இருக்கு," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"சுண்டல் மட்டும் போதுமா? இனிப்பு?"

"இனிப்பு பீரோவுக்குள்ள இருக்கு."

தேள் கொட்டிய திருடன் போல ஜெகதீஷ் நின்றான். கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. பையிலிருந்த சாவியை எடுத்தான். கதவைத் திறந்தான்.

நெய் வாசனை கராஜ் முழுக்கப் பரவியது. துப்பாக்கி ஓரமாக நின்றது. அதன் காலடியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. முதலில் பேசியவர் ராஜேஸ்வரி அன்ரி.

"இது நான் கிண்டின தொதல் எல்லோ? மனிசிக்கு ஆசையாக் கிடக்கு எண்டு சொல்லித்தானே தம்பி வாங்கிக்கொண்டு போனவர்."

"எனக்கு ஆசைதான் அன்ரி," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "இப்பதான் முதல் தடவையாக் கண்ணுல பார்க்கிறேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பித் தாம்பாளத்தை நீட்டினாள். "நீங்களே எடுத்து இதுல வைங்க. நான் பீரோவுக்குள்ள கையை விட்டா போலீஸ் கேஸ்."

ஒவ்வொரு டப்பாவாக அவனே எடுத்து வைத்தான். ஜாங்கிரி டப்பாவைத் திறந்தால் உள்ளே இன்னொரு டப்பா இருந்ததைப் பார்த்து நரேன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனந்தராஜா கழுத்தை நீட்டித் துப்பாக்கியைப் பார்த்தார். கட்டை முழுக்க அதே பழைய கருப்பு. நடுவில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் பளபளவென்று மின்னியது.

"இந்த இடம் மட்டும் நல்ல பொலிஷ். என்ன எண்ணெய் போட்டனீங்கள், தம்பி?"

"நெய், அங்கிள்," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

கற்பூரம் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டார்கள். தாம்பாளம் வரிசையாகப் போயிற்று. மைசூர்பாகைத் தெருக்கோடி வீட்டுக்காரர் இரண்டாக எடுத்தார். ஜெகதீஷுக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் இல்லை. அந்த இரண்டைப் பார்த்து. அவன் முறை வந்தபோது தாம்பாளம் அவனைத் தாண்டிப் போய், ஒரு தொன்னை கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது.

எல்லோரும் போன பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "எப்படித் தெரியும்?"

"எண்ணெய் டப்பா அந்த ஷெல்ஃப்லதான் வெளியிலேயே இருக்கு. அதோட மூடியில இருக்கிற சீல்கூட இன்னும் உடையலை."

மறுநாள் காலை ஜெகதீஷ் எழுந்து வந்தபோது அவள் குளித்துவிட்டுக் கராஜில் நின்றிருந்தாள். நேற்றைய கோலம் கலையாமல் இருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இன்னிக்கு விஜயதசமி. எதைக் கத்துக்க ஆரம்பிச்சாலும் விருத்தியாகும், இல்லையா?"

"ஆமா. என்ன, வீணையா?"

"ரைஃபிள் கிளப். நேத்தே நரேன்கிட்ட சொல்லிச் சேர்ந்தாச்சு. ஞாயித்துக்கிழமை முதல் வகுப்பு."

ஜெகதீஷின் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. "லைசென்ஸ் வர மாசக்கணக்காகும்," என்றான். அதில் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

"ஆகட்டுமே. வந்ததும் நானும் பீரோவைத் திறக்கலாம். நான் சொல்லலை, சட்டம் சொல்லுது." ஷெல்ஃபிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து, மூடியின் சீல் உடைத்து, அவன் கையில் கொடுத்தாள். "அதுக்குள்ள கட்டையை வழவழன்னு பண்ணி வெச்சிடுங்க. எனக்கு நெய் ஒட்டினா பிடிக்காது."

அந்தப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கியின் மேல் அன்றைக்குத்தான் முதல் முறையாக உப்புத்தாள் பட்டது.